ஒரு விரல் உயரம் தூக்கி வைத்த வசனம்

இந்த ஜூன் மாதத்திலிருந்து ஞாயிறு பள்ளியில் வகுப்பு எடுக்கப் போகிற பிள்ளைகளுக்கு,

உங்களில் மூத்தவனுக்குப் பதினேழு வயது, இளையவளுக்குப் பதினைந்து. போன வருஷம் வரை கடைசி வரிசையில் உட்கார்ந்து சூயிங்கம் மென்றவர்களை இந்த வருஷம் டீச்சர் என்று கூப்பிடப் போகிறார்கள். முதல் வாரம் காது கூசும். மூன்றாவது வாரம் யாராவது அப்படிக் கூப்பிடாவிட்டால் கோபம் வரும். அங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

முதல் ஞாயிறே மூன்று பேர் பாத்ரூம் போகணும் என்பார்கள். அதில் ஒருவருக்குத்தான் நிஜமாக அவசரம். யாருக்கு என்று கண்டுபிடிக்க உட்காராதீர்கள், மூன்று பேரையும் அனுப்பிவிடுங்கள். நான் ஒரு தடவை கண்டுபிடித்தேன். கொட்டகைப் பாய் மூன்று நாள் வெயிலில் காய்ந்தது.

நான் அதிகம் படித்தவன் இல்லை. பத்தாவது, அதிலும் கணக்கில் இரண்டாம் முறை. தாம்பரத்தில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கிற ஷெட்டில் முப்பத்திரண்டு வருஷம் பிட்டராக வேலை பார்த்தேன். அது சம்பளத்துக்கு. ஞாயிறு காலை எட்டு மணிக்கு அஸ்தினாபுரத்தில் நம் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் இருபத்தாறு வருஷம் பார்த்தது சம்பளம் இல்லாத வேலை. இரண்டிலிருந்தும் இப்போது ஓய்வு. ஷெட்டில் ஒரு நட்டைத் தப்பாக முடுக்கினால் மறுநாள் போய்த் திருத்திவிடலாம். கொட்டகையில் செய்த தப்பு ஒன்பது வயசுக் காலோடு எழுந்து வீட்டுக்கு நடந்து போய்விடும். நாம் அதன் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கும்.

பாடம் எடுப்பது எப்படி என்று உங்களுக்குப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பற்றி நான் எழுதவில்லை. போன மாதம் உங்கள் பயிற்சிக் கூட்டத்தில், "பிள்ளைகளை எதற்காக விசுவாசத்தில் வளர்க்கிறோம்?" என்று ஆயர் கேட்டார். எல்லோரும் நோட்டைப் பார்த்து நல்ல பதிலாகச் சொன்னீர்கள். என்னை யாராவது முன்பு கேட்டிருந்தால் நோட்டுகூடத் தேவைப்பட்டிருக்காது. "பிள்ளைங்க ஒழுங்கா இருக்கத்தான்" என்று டக்கென்று சொல்லியிருப்பேன். பெற்றோர்களும் அதற்குத்தான் தலையாட்டுவார்கள். அந்தப் பதில் என்னைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கொண்டுபோய் நிறுத்தியது. அந்தக் கதைதான் இது.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஜனவரி முதல் ஞாயிறு பிள்ளைகள் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். அட்டையில் ஒரு வசனம் இருக்கும். அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் தனக்கென்று சொல்கிற வார்த்தை அது என்று எடுத்துக்கொள்வார்கள். எடுத்தவர் சத்தமாக வாசிக்க வேண்டும், மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். பிறகு அட்டை வீட்டுக்குப் போய் பீரோ கதவிலோ படிக்கிற மேஜைக்கு மேலேயோ ஒட்டிக்கொள்ளும்.

அட்டை எழுதுகிற பொறுப்பு என்னுடையது. சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு டிசம்பரில், எழுத உட்கார்ந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. வகுப்பில் பதினெட்டுப் பேர், எட்டு வயது முதல் பதின்மூன்று வரை. ஜோயல் ஒரு நோட்டுகூட முடித்ததில்லை. இன்னொருவன் பக்கத்திலிருப்பவனைக் கிள்ளுவான். என் சொந்த மகள் கிருபாவுக்கு அப்போது பதின்மூன்று. "மாடியில துணி எடும்மா" என்றால் "ஏன், மழை வருதா?" என்பாள். மழை வந்தால் "இப்பத்தான் வருது" என்பாள். இவர்கள் எல்லோருக்கும் நான் வருஷம் பூராவும் தொண்டை கிழியச் சொல்கிறேன், கேட்பதில்லை. அதையே ஆண்டவர் சொன்னதாக இருந்தால்?

ஆண்டவருக்கு ஓர் ஒத்தாசை என்றுதான் நினைத்தேன்.

ஆளைப் பார்த்து வசனம் எழுதினேன். ஜோயலுக்கு, சோம்பேறியை எறும்பிடம் போய்ப் புத்தி கற்றுக்கொள்ளச் சொல்கிற வசனம். கிள்ளுகிறவனுக்குத் தயவைப் பற்றி. கிருபாவுக்கு, தகப்பன்மாருடைய மனதைப் பிள்ளைகள் பக்கமும் பிள்ளைகளுடைய மனதைத் தகப்பன்மார் பக்கமும் ஆண்டவர் திருப்புவார் என்கிற வசனம். அதில் பின்பாதி மேல்தான் எனக்குக் கண்.

அட்டைகளை ஓர் இனிப்புப் பெட்டியில் வரிசையாக நிற்க வைத்தேன். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற வரிசையில்தான் வருவார்கள், அதே வரிசையில் அட்டை. பெட்டிக்கு அடியில் என் கட்டைவிரல். யாருக்கு எது வேண்டுமோ அதை மட்டும் ஒரு விரல் உயரம் தூக்கிக் கொடுத்தால் கை தானாக அதைத்தான் பிடிக்கும். பெட்டியின் அடியை அதற்காகக் கொஞ்சம் வெட்டினேன். பிட்டர் வேலை எதற்கெல்லாம் பயன்படுகிறது பாருங்கள். என் மனைவியை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன்.

"எடு."

எடுத்தாள். நான் நினைத்த அட்டை.

"இன்னொரு தடவ."

மறுபடியும் அதே.

"இத எங்க கத்துக்கிட்டீங்க?"

"ஷெட்டுல. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஒருத்தர் சீட்டுக்கட்ட வெச்சு செய்வாரு."

"ரொம்ப நல்லது. சீட்டாட்டத்துல கத்துக்கிட்டதக் கோயிலுக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டுப் பூரிக்கு மாவு பிசையப் போனாள். அவள் அன்றைக்கே சொன்னாள் என்பதை இங்கே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் இதை வாசித்துவிட்டுக் கேட்பாள்.

ஜனவரி முதல் ஞாயிறு. முதல் எட்டுப் பேர் நான் நினைத்தபடியே எடுத்தார்கள். தயவைப் பற்றிய வசனத்தைக் கிள்ளுகிறவன் வாசித்தபோது கிள்ளு வாங்கியவர்கள் சொன்ன ஆமென் வாசல் வரை கேட்டது. எனக்கு நெஞ்சு விம்மியது. ஒன்பதாவது கிருபா. அவள் அட்டை ஒரு விரல் உயரத்தில் நிற்கிறது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையைப் பெட்டியின் பின்பக்கம் கொண்டுபோய், உபரியாக வைத்திருந்த இரண்டு அட்டைகளில் ஒன்றை உருவினாள். சந்தோஷமான மனசு நல்ல மருந்து என்கிற வசனம். சந்தோஷமாக வாசித்துவிட்டுப் போனாள்.

தூக்கிய அட்டையை நான் கீழே அமுக்குவதற்குள் பத்தாவது கை வந்து அதைப் பிடித்துவிட்டது. அது ரூபியின் கை.

ரூபிக்கு ஒன்பது வயது. அதற்கு முந்தின ஆகஸ்டில் அவள் அப்பா சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போயிருந்தார். பல்லாவரத்தில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறார், வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்ஸி, டேபிள் ஃபேன் ரிப்பேர் செய்து விற்கிறார் என்று சபைக்கே தெரியும். ரூபியிடம் யாரும் அதைப் பேசமாட்டோம், அவளும் பேசமாட்டாள். அவளுக்காக நான் எழுதியிருந்தது பயப்படாதே என்கிற வசனம். அவள் கையில் இருந்தது தகப்பன்மாருடைய மனதைப் பிள்ளைகள் பக்கம் திருப்புவார் என்கிற வசனம்.

வாசித்தாள். முன்பாதியை இரண்டு தடவை வாசித்தாள். வகுப்பு முழுக்க ஆமென் சொன்னது.

அதற்குப் பிறகு எல்லாம் ஓர் ஆள் தள்ளிப் போனது. வாயைக் காத்துக்கொள்ளச் சொல்கிற வசனம், வாயே திறக்காத ஜோயலுக்குப் போனது. பெட்டியில் எறும்பு வசனம் மிச்சம், உபரி ஒன்று மிச்சம். அந்த நேரம் பார்த்து ஆயர் உள்ளே வந்தார். "எனக்கும் ஒண்ணு குடுங்களேன்" என்று, என் கட்டைவிரல் பழக்கத்தில் தூக்கி வைத்திருந்ததை எடுத்து, அந்தக் கம்பீரக் குரலில் வாசித்தார். சோம்பேறி, எறும்பு, எல்லாம். பிறகு ஜோயல் ஆமென் என்றான். அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"போன வருஷம் வீடு சந்திப்புக்குப் போகாதத ஆண்டவரே கேட்டுட்டாரு" என்றார் ஆயர். அந்த வருஷம் ஒரு வீடு விடாமல் வந்தார். அந்த அட்டைக்காக மட்டும் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ரூபி அட்டையோடு வந்தாள்.

"அங்கிள், இந்த வருஷம்னா டிசம்பர் வரைக்குமா?"

"ஆமாம்மா."

"முப்பத்தொண்ணாம் தேதி வரைக்குமா?"

"ஆமா."

"அப்ப நெறைய நாள் இருக்கு" என்று சொல்லி அட்டையைப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அப்போது சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. அழுதிருப்பாள், வேறு அட்டை கொடுத்திருப்பேன். ஆனால் வெளியே பெற்றோர்கள் நின்றார்கள், "இந்த வருஷம் வசனமெல்லாம் அப்படியே பொருந்துது" என்று ஒருவர் என் கையைக் குலுக்கினார். நான் குலுக்கக் கொடுத்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது கிருபாவிடம் கேட்டேன். "மேல நின்னத ஏன் எடுக்கல?"

"நீங்களும் அம்மாவும் ஒத்திகை பாத்தத நான் பாத்தேன்."

"அதுக்காக?"

"நீங்க பேசறதத்தான் தெனமும் கேக்கறேனேப்பா. வருஷத்துக்கு ஒரு நாளு அவரு பேசட்டுமேன்னு கைய உள்ள விட்டேன்."

மூன்று வாரம் போனது. ரூபியின் அம்மா ஆராதனை முடிந்து எனக்காக நின்றிருந்தார்கள். ஒரு நர்சரி பள்ளியில் ஆயாவாக வேலை பார்க்கிறவர்கள். யாரிடமும் குறை சொல்லிப் பழக்கமில்லாதவர்கள்.

"அண்ணா, தெனம் சாயங்காலம் ஆறு மணிக்குத் தலையப் பின்னிக்கிட்டு வாசல்ல உக்காந்துடறா. டியூஷனுக்குப் போமாட்டேங்கறா. அவர் வர்ற நேரத்துல தான் இல்லன்னா திரும்பிப் போயிடுவாராம். சாப்பிட மூணு தட்டு வைக்கறா."

"நீங்க எடுத்துச் சொல்லலயா?"

"சொன்னா கார்டக் காட்டறா. நான் அவர்கூட சண்ட போட்டேன், சரி. கார்டுகூடவும் சண்ட போடணுமாண்ணா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஜெபிக்கலாம்மா" என்றேன். நல்ல வார்த்தைதான். அன்றைக்கு நான் அதைக் குடை மாதிரி விரித்து அதற்குள் ஒளிந்துகொண்டேன். நீங்களும் ஒருநாள் செய்வீர்கள். செய்யும்போது உங்களுக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்கினேன். என் கணக்கு இதுதான்: அப்பா வந்துவிட்டால் வசனம் நிறைவேறிவிடும். நிறைவேறிவிட்டால் அட்டையை யார் தூக்கினார்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு தடவை கட்டைவிரலால் தூக்கியது போதாதென்று இப்போது ஆளையே தூக்கப் போனேன்.

சந்தையில் பழைய செருப்பு, கீபோர்டு, புறா, செடி எல்லாம் தாண்டி அவரைக் கண்டுபிடித்தேன். தார்ப்பாய் விரித்து மிக்ஸிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"வா சார், இன்னா வோணும்? மிக்ஸியா?"

"இல்லங்க. நான் அஸ்தினாபுரம் கோயில்ல சண்டே ஸ்கூல் எடுக்கறேன். ரூபி விஷயமா வந்தேன்."

ஸ்க்ரூ டிரைவர் நின்றது. "கொயந்திக்கு இன்னா?"

"நல்லா இருக்கா. உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கா."

"அவ அம்மா அனுப்ச்சாளா?"

"இல்ல, நானா வந்தேன்."

உட்கார ஒரு கவிழ்த்த பக்கெட்டைக் காட்டினார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று இல்லை, கோர்வையாகச் சொல்லத் தெரியாது. பெட்டியின் அடியை எப்படி வெட்டினேன் என்பது வரை சொன்னேன். கட்டைவிரல் வரும் இடத்தில் அவர் சிரித்தார். ரூபி வரும் இடத்தில் சிரிப்பு நின்றது.

"வாத்யாரே, அங்க மூல டீக்கடையாண்ட மூணு சீட்ட வெச்சிகினு ராணி எங்கன்னு ஆட்றவன் ஒர்த்தன் கீறான். போலீஸ் வந்தா அவனாவது ஓடுவான். நீ வெள்ளச் சட்ட போட்டுகினு கோயில்ல ஆடிகினு கீற. ஒன்ன யாரு தொரத்துவா?"

"தப்புதாங்க. அதத் திருத்தத்தான் வந்தேன். நீங்க வந்துட்டீங்கன்னா அது பொய்யா ஆகாதுல்ல?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பழைய மோட்டாரைப் பார்த்து, இது தேறுமா என்று யோசிக்கிற பார்வை.

"சாமி வெச்ச ஆளா நீ, இல்ல நீ வெச்ச ஆளா சாமி? நான் வூட்ட வுட்டு வந்தவன்தான். குடிச்சேன், கத்துனேன், எல்லாம் செஞ்சேன். ஆனா வர்றேன்னு சொல்ட்டு வராத இருந்ததில்ல. அந்த ஒரு பொய்ய மட்டும் எம் பொண்ணாண்ட நான் சொன்னதில்ல. அத்த நீ சொல்ட்ட, அதுவும் அவரு பேர்ல."

நான் பக்கத்திலிருந்த ஒரு மிக்ஸி மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அவர் அதை வாங்கிக் கீழே வைத்தார்.

"நான் வர்றது வராதது என் பேஜாரு. நீ மொதல்ல கொயந்தியாண்ட போயி நெஜத்த சொல்லு. அப்பால வாத்யார் வேல பாரு."

வெறுங்கையோடு எழுந்திருக்க வெட்கமாக இருந்தது, ஒரு டேபிள் ஃபேன் வாங்கினேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் இடது பக்கம் மட்டும்தான் திரும்பியது.

இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். என்னை உட்கார வைத்து அடித்தது கவிழ்த்த பக்கெட்டில் கேட்ட இதுதான். அதைச் சொன்னவர் அப்போது கோயில் பக்கம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

கிருபாவிடம் சொன்னேன். "அவரு கரெக்டாதானே சொல்லியிருக்காரு" என்றாள்.

"ரூபிகிட்ட தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடறேன்."

"ஏன் தனியா? பதினெட்டு பேருக்கும்தானே தூக்கி வெச்சீங்க?"

"பிள்ளைங்க என்னை மதிப்பாங்களாம்மா?"

"தெரியலப்பா. ஆனா நீங்க எங்ககிட்ட தப்பை ஒத்துக்கச் சொல்ற பாடம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ வருது."

சனிக்கிழமை ரூபியின் அம்மாவிடம் போய் அட்டை விஷயத்தையும் சந்தைக்குப் போனதையும் சொன்னேன். அவர்கள் கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "சந்தைக்குப் போனத இப்ப அவகிட்ட சொல்லாதீங்கண்ணா. அப்பா வரமாட்டேன்னுட்டாருன்னு ஆயிடும். கார்டப் பத்தி மட்டும் சொல்லுங்க. நாளைக்கு நானும் வந்து பின்னால நிக்கறேன்" என்றார்கள்.

ஞாயிறு வந்தது. ஷெட்டில் ஒரு தடவை ரயில் பெட்டிக்கு அடியில் படுத்திருந்தபோது தெரியாமல் யாரோ வண்டியை நகர்த்திவிட்டார்கள். அன்றைக்குக்கூட எனக்கு இப்படி வியர்க்கவில்லை. இனிப்புப் பெட்டியை எடுத்துக் காட்டி, அடியில் வெட்டிய இடத்தைக் காட்டி, "உங்க கார்டெல்லாம் ஆண்டவர் எடுத்துக் குடுத்ததில்ல. அங்கிள் தூக்கி வெச்சது" என்றேன்.

முதலில் ஜோயல் கையைத் தூக்கினான். "அங்கிள், அப்ப எனக்குன்னு எத வெச்சீங்க?"

"எறும்பு."

"பாஸ்டருக்குப் போச்சே, அதுவா?"

"அதுதான்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஜோயல் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லவேள" என்றான்.

கிள்ளுகிறவன் எழுந்தான். "அப்ப நான் கிள்ளலாமா அங்கிள்?" கூடாது என்று பத்துப் பேர் பதில் சொன்னார்கள்.

ரூபி சிரிக்கவில்லை. பாட்டுப் புத்தகத்திலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குன்னு வெச்சது எது அங்கிள்?"

"பயப்படாதேன்னு ஒண்ணு."

"அது யார்கிட்ட போச்சு?"

அவளுக்கு அடுத்து அட்டை எடுத்த ஸ்டீபன் தன் அட்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். "நான் தரமாட்டேன். எங்க தெருவுல மூணு நாய் இருக்கு."

"எனக்கு வேணாம், நீயே வெச்சுக்கோ" என்றாள் ரூபி. பிறகு என்னிடம், "அப்ப சாமி எனக்கு ஒண்ணுமே சொல்லலயா?" என்று கேட்டாள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் இப்படி ஒரு கேள்வி வரும். புத்தகத்தில் அந்தப் பக்கம் இருக்காது. என் நாக்கு நுனியில் நாலு அழகான பதில்கள் நின்றன. நாலும் தூக்கி வைத்த அட்டைகள்.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன். "அந்த வசனம் நெஜம். அத உன் பக்கம் நீட்டின கைதான் பொய். உங்க அப்பா இந்த வருஷம் வருவார்னு ஆண்டவர் உன்கிட்ட சொன்னதா நான் சொல்ல முடியாது. வரமாட்டார்னும் சொல்ல முடியாது. என்னை மன்னிச்சிடு."

அவள் திரும்பிப் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தாள். பிறகு, "நானே கேக்கலாமா?" என்றாள்.

"கேக்கலாம்."

"கார்டு இல்லாமயே?"

"கார்டு இல்லாமயே."

அங்கேயே கண்ணை மூடிக்கொண்டாள். நான் சொல்லிக்கொடுத்த ஜெபங்கள் எல்லாம் ஸ்தோத்திரத்தில் ஆரம்பித்து வரிசையாகப் போகும். இவள் ஜெபம் அப்படி இல்லை. "ஆண்டவரே, நான் ரூபி. அப்பா வீட்டுக்கு வரணும். வர முடியலன்னா என்னைப் பாக்கவாவது வரட்டும். வரலன்னா அம்மா அழாம பாத்துக்கோங்க. அங்கிள் சீட்டு வெளாட்டு வெளாடிட்டாரு, அவர மன்னிச்சிடுங்க. நான் இன்னும் மன்னிக்கல. ஆமென்."

எல்லோரும் ஆமென் சொல்ல மறந்துவிட்டோம். கிருபாதான் சொன்னாள்.

ஆயர் கேட்ட கேள்விக்கு என் பதில் அன்றைக்கு வந்தது. நம் பேச்சைக் கேட்பதற்காகப் பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்ப்பதில்லை. நாம் சொன்னது தப்பு என்று தெரிந்த பிறகும், நாம் பக்கத்தில் இல்லாத நேரத்திலும், அவர்கள் போய் உண்மையைப் பேச ஓர் இடம் வேண்டும். அங்கே போகிற வழியைக் காட்டிவிட்டு நாம் ஓரமாக நிற்க வேண்டும். ஒழுங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. கிள்ளினால் தடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அதை உங்கள் வாயால் சொல்லுங்கள், உங்கள் பேரில் சொல்லுங்கள். அவர் கையெழுத்தை நீங்கள் போடாதீர்கள்.

ரூபி வாசலில் உட்காருவதை நிறுத்தினாள், டியூஷனுக்குப் போனாள். ஆனால் என்னிடம் எதையும் கேட்பதையும் நிறுத்தினாள். நான் ஒரு கதை சொன்னால் முடிந்ததும் கிருபாவிடம் போய், "அக்கா, அங்கிள் சொன்னது புக்குல இருக்கா?" என்று சரிபார்ப்பாள். கிருபா பக்கத்தைக் காட்டுவாள். எனக்கு வலித்தது. அது நான் வாங்கிக்கொள்ள வேண்டிய வலி என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்படியே குருத்தோலை ஞாயிறு வந்தது. பிள்ளைகள் கையில் ஓலையோடு கோயிலிலிருந்து கிளம்பி நாலு தெரு சுற்றி வருவார்கள். இரண்டிரண்டு பேராக வரிசை. பைக், ஷேர் ஆட்டோ எல்லாம் போகிற ரோடு, அதனால் வரிசை கலையக் கூடாது என்பதில் நான் கண்டிப்பு. இரண்டாவது தெரு முனையில் திரும்பும்போது, எதிரே மருந்துக் கடை படியில் ரூபியின் அப்பா நின்றிருந்தார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். யாரைத் தேடி வந்தாரோ அந்த ஆள் பார்த்துவிடக் கூடாது என்பது போல ஒரு பக்கமாகத் திரும்பி நின்றார்.

ரூபி பார்த்துவிட்டாள். ஓடுவாள் என்று நினைத்து ரோட்டைப் பார்த்துக் கையை நீட்டினேன். அவள் ஓடவில்லை. வரிசையை விட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அங்கிள், அப்பா நிக்கறாரு."

"பாத்தேன்மா."

"நீங்க கூப்டீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றைக்கு நான் கூப்பிடவில்லை, அது உண்மைதான். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு ஓர் அற்புதம் கிடைத்துவிடும், அவள் மனதில் எனக்கும் பழைய இடம் கிடைத்துவிடும். அவள் அம்மா பெரியவர்கள் வரிசையிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். அவர்கள் மெதுவாகத் தலையசைத்தார்கள்.

"ஜனவரில ஒரு தடவ சந்தைக்குப் போய்க் கூப்பிட்டேன். உன்கிட்ட சொல்லல. வரேன்னு அவர் சொல்லல."

"வேற என்ன சொன்னாரு?"

"என்னைத் திட்டினாரு. கார்டு விஷயத்துக்கு."

"நல்லா திட்டினாரா?"

"நல்லாவே திட்டினாரு."

அவள் முகத்தில், ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாக, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வந்தது. "அவரு அப்படித்தான்" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இன்னிக்கு?" என்று கேட்டாள்.

"இன்னிக்கு யாரும் கூப்பிடல. அவரா வந்திருக்காரு."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசை எங்களைத் தாண்டிப் போய்விட்டது, பாட்டு அடுத்த தெருவுக்குள் நுழைந்துவிட்டது. பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் அசையவில்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு பிள்ளை என்னை அவ்வளவு நேரம் வாசித்ததில்லை.

பிறகு அவள் இரண்டு பக்கமும் ரோட்டைப் பார்த்துவிட்டு, ஓலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தனியாகக் குறுக்கே நடந்தாள்.